தண்ணி லாரிக்குக் கடைசி இடம்

வெள்ளானூர் கோபிக்கு எதைப் பார்த்தாலும் வரிசை போட்டாக வேண்டும். ஆவடியில் இருக்கும் பிரியாணிக் கடைகளுக்கு ஒரு வரிசை, அம்பத்தூர் எஸ்டேட் சாலையின் பள்ளங்களுக்கு ஒரு வரிசை. கல்யாணமான புதிதில் மனைவி கவிப்பிரியா வைக்கும் குழம்புகளுக்கும் ஒரு வரிசை போட்டு, அதன் பலனை ஒரு வாரம் அனுபவித்தான். முப்பத்தைந்து வயதாகி முன்மண்டை பளபளக்க ஆரம்பித்த பிறகும் இந்தப் புத்தி போகவில்லை. கம்பெனியில் அவனுக்கு ஸ்டோர்ஸில் வேலை. எந்த போல்ட் எந்த ரேக்கில் என்று நாளெல்லாம் அடுக்குகிறவன், வீட்டுக்கு வந்தும் எதையாவது அடுக்கிக்கொண்டிருந்தால் யாரைக் குறை சொல்வது.

தாத்தா திருவேங்கடத்தின் நிலமெல்லாம் அப்பா காலத்தில் பிளாட் ஆகிவிட்டது. மிச்சமிருந்த வீட்டின் மேல் கோபி ஒரு மாடி எழுப்பினான். மாடியில் ஒரே ஒரு அறை, வெளியிலிருந்தே ஏறிப்போக இரும்புப் படி. அங்கேதான் அவனுடைய பெரிய டிவியும் பிளேஸ்டேஷனும் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டுக் கடை முடிந்ததும் அந்த இரும்புப் படி தடதடவென்று சத்தம் போடும். சந்தோஷ் வந்துவிட்டான் என்று கீழே எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

சந்தோஷும் அதே ஊர்தான். ஊருக்குள் இல்லை, ஏரிக்கரையைத் தாண்டிக் காலனியில். இரண்டு பேரும் ஆவடியில் ஒன்றாகப் படித்தவர்கள். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு கேம் சென்டரில் உட்கார்ந்து, ஒன்றாகவே மாட்டி ஒன்றாகவே உதை வாங்கியவர்கள். இப்போது ஒரே கம்பெனி. கோபி ஸ்டோர்ஸ், சந்தோஷ் மெஷின் ஷாப். காலையில் கோபியின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வருவான். உயிர்த்தோழன் யார் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் கோபி யோசிக்காமல் அவன் பேரைத்தான் சொல்லியிருப்பான். பொய்யும் இல்லை.

அந்த வருஷம் இருவரும் ஆடிய விளையாட்டில் பாழடைந்த ஒரு ராஜ்ஜியம் உண்டு. பேரில்லாத சிப்பாய்கள் அதற்குள் புகுந்து, வழியில் வருகிற பிசாசுகளை வெட்டிக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொரு கோட்டையின் முடிவிலும் எல்லாவற்றையும்விடப் பெரிய எதிரி ஒன்று காத்திருக்கும், அதற்கு பாஸ் என்று பேர். செத்தால் மறுபடி முதலிலிருந்து. பாஸ்களின் இங்கிலீஷ் பேர்கள் வாயில் நுழையாததால் இவர்களே பேர் வைத்துக்கொண்டார்கள். பாலத்தில் நின்று வழிமறிக்கும் எலும்புக்கூடு, டிக்கெட் செக்கர். மின்னலைக் கக்கும் டிராகன், கரண்ட் ஆபீஸ். ஒரே உடம்பில் கணக்கில்லாத தலைகளை ஏற்றிக்கொண்டு தள்ளாடி வருவது, ஷேர் ஆட்டோ. மாட்டுத் தலையும் இரும்புக் கவசமுமாக, பிரேக்கே இல்லாமல் நேராக வந்து ஏறும் ராட்சசனுக்குத் தண்ணி லாரி. பேர் வைப்பதில் சந்தோஷ்தான் கெட்டிக்காரன்.

ஆட்டத்தில் கோபியின் கையில் ஆளுயரக் கோடாலி. சந்தோஷின் கையில் கேடயம். இதை யார் முடிவு செய்தது என்று கேட்டால் கோபிக்குத் தெரியாது. முதல் நாள் ஆட்டத்துக்குள் ஆயுதப் பெட்டியைத் திறந்ததும் கோடாலி கண்ணில் பட்டது, எடுத்துக்கொண்டான். இதற்கு முன்பு ஆடிய ஆட்டங்களிலும் அப்படியேதான் அமைந்தது. சந்தோஷ் முன்னால் நின்று அடியை வாங்குவான். கோபி பின்னால் போய் வெட்டுவான். பாஸ் விழுந்ததும் இருவரும் கத்துவார்கள், கோபி கொஞ்சம் அதிகமாகக் கத்துவான்.

கோபிக்கு யூடியூபில் ஒரு சேனலும் உண்டு. வெள்ளானூர் வீரன் என்று பேர். வீரனைப் பார்க்க வந்தவர்கள் ஒரு கல்யாண மண்டபத்தின் கால்வாசிகூடத் தேறமாட்டார்கள், அதிலும் பாதி சொந்தக்காரர்கள். ஆனாலும் ஆட்டத்தை முழுக்க முடித்த ஞாயிற்றுக்கிழமை அவனுக்குக் கை அரித்தது. எல்லா பாஸையும் கஷ்டத்தின்படி வரிசை போட்டு ஒரு வீடியோ போட்டுவிட வேண்டும்.

“முதல்ல இன்னா போடலாம், கரண்ட் ஆபீஸா?” என்றான்.

“தண்ணி லாரி போடு மாமே,” என்றான் சந்தோஷ், விரல்களை நெட்டி முறித்துக்கொண்டே.

கோபிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “அதுவா? அதெல்லாம் ஒரு பாஸாடா? டீ குடிச்சிகினே அடிச்சேன் நான்.”

“நீ பின்னாடி இருந்தே. நான் முன்னாடி நின்னேன்.”

“உனுக்கு எல்லாமே கஷ்டந்தான் போ.”

சந்தோஷ் சும்மா சிரித்துவிட்டு, நேரமாச்சு என்று படியிறங்கிப் போனான். விளையாட்டுக்குச் சொன்னான் என்று கோபி நினைத்துக்கொண்டான். தனக்கு வசதியானதை அப்படி நினைத்துக்கொள்வதில் அவன் பெரிய சமர்த்தன்.

வீடியோவில் கரண்ட் ஆபீஸுக்கு முதல் இடம். தண்ணி லாரிக்குக் கடைசி. அதோடு விட்டிருந்தாலும் பாதகமில்லை. பழைய ஆட்டப் பதிவுகளைப் புரட்டும்போது சந்தோஷின் குரல் ஓரிடத்தில் நன்றாகப் பதிந்திருந்தது. தண்ணி லாரி கேடயத்தின் மேல் வந்து மோதுகிறது, சந்தோஷ் தொண்டை கிழியக் கத்துகிறான், “அடிறா மாமே, அடிறா, என்னால முடியல.” கோபி அந்தத் துண்டை எடுத்து மூன்று தடவை திரும்பத் திரும்ப ஓடவிட்டான். பின்னணியில் ஆட்டுக்குட்டி கத்துகிற சத்தமும் சேர்த்தான். “இதுதான் நம்ம சந்தோஷ். குழந்தை கூட அடிக்கிற பாஸுக்கு இந்த கதி,” என்று குரலும் கொடுத்தான்.

வீடியோ பிய்த்துக்கொண்டு போனது. வீரனின் சரித்திரத்தில் அவ்வளவு பேர் எதையும் பார்த்ததில்லை. கம்பெனி கேன்டீனில் எல்லாப் போனிலும் ஆட்டுக்குட்டி கத்தியது. சந்தோஷ் தட்டை எடுத்துக்கொண்டு நடந்தால் எங்கிருந்தாவது ஒரு குரல் வரும், “அடிறா மாமே, என்னால முடியல.” முதல் நாள் சந்தோஷும் கூடச் சேர்ந்து சிரித்தான். இரண்டாம் நாளும் சிரித்தான். அந்த வாரக் கடைசியில் மெஷின் ஷாப்புக்குப் புதிதாக வந்த ஒரு பயிற்சிப் பையன் அதையே சொன்னபோது, சந்தோஷ் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போனான். கோபி எதிர் மேஜையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தான். ஒரு வார்த்தை சொல்லி அடக்கியிருக்கலாம். ஆனால் அவனுக்கும் அப்போது சிரிப்பு வந்தது.

அடுத்த ஞாயிறு இரும்புப் படி சத்தம் போடவில்லை. ஓவர்டைம் என்றான் சந்தோஷ். அதற்கடுத்த வாரம் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. காலையில் வண்டியில் வருவதும் நின்றது. ஷிப்ட் மாற்றிக் கேட்டு வாங்கிக்கொண்டானாம், பஸ்ஸில் போய்க்கொள்கிறானாம். கோபி எல்லாவற்றையும் நம்பினான். நம்பாவிட்டால் யோசிக்க வேண்டியிருக்குமே.

யோசிக்க வைத்தது ஊர் பேர் தெரியாத எவனோ ஒருவன். வீடியோவின் அடியில் எழுதியிருந்தான்: அண்ணாத்தே, கூட ஆள் இல்லாம தனியா ஒரு தடவ தண்ணி லாரிய அடிச்சிக் காட்டு, அப்புறம் பேசு.

இதென்ன பெரிய விஷயம் என்று கோபி உட்கார்ந்தான். ஞாயிறு மதியம், அறையில் அவன் மட்டும். பதிவு பண்ணும் பொத்தானையும் தட்டிவிட்டு கோடாலியோடு உள்ளே போனான். தண்ணி லாரி திரும்பியது. இத்தனை நாளும் அவன் அதன் முதுகைத்தான் பார்த்திருக்கிறான். முகத்தை அன்றுதான் நேருக்கு நேர் பார்த்தான். கோடாலியை ஓங்கி முடிப்பதற்குள் அது அவன் மேல் ஏறிப் போயிருந்தது. மறுபடி போனான், மறுபடி ஏறியது. ஓடிப் பார்த்தான், துரத்தி வந்து ஏறியது. வெயில் தாழ்கிறவரை செத்துக்கொண்டே இருந்தான். ஒரு தடவைகூட அதன் உயிரைப் பாதி குறைக்க முடியவில்லை.

பிறகு இருவருமாகத் தண்ணி லாரியை அடித்த பழைய பதிவைப் போட்டுப் பார்த்தான். இந்த முறை கோடாலிக்காரனைப் பார்க்கவில்லை, கேடயக்காரனைப் பார்த்தான். தண்ணி லாரி பின்னால் திரும்பப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் சந்தோஷ் எகிறிப் போய் அதன் முகத்துக்கு நேராக நின்று கேடயத்தைத் தட்டுகிறான். அது கோபியை விட்டுவிட்டு இவன் மேல் பாய்கிறது. திரையின் மூலையில் சந்தோஷின் உயிரைக் காட்டும் கோடு ஒரு மயிரிழைக்கு வந்துவிட்டது. விலகினால் பிழைத்துக்கொள்வான். விலகவில்லை. அந்த நேரத்தில்தான் கத்துகிறான், அடிறா மாமே என்று. பயந்து கத்திய கத்தல் இல்லை அது. இதற்கு மேல் என்னால் இதைப் பிடித்து நிறுத்த முடியாது, அதற்குள் நீ முடித்துவிடு என்று சொல்கிறான். அதற்குத்தான் கோபி ஆட்டுக்குட்டியைச் சேர்த்திருந்தான்.

கோபி அந்த வரிசை வீடியோவை அப்போதே சேனலிலிருந்து நீக்கிவிட்டான். அதற்குள் பார்க்க வேண்டியவர்கள் எல்லாம் பார்த்தாகிவிட்டது என்பது வேறு கதை.

மறு வாரம் புது வரிசை ஒன்று போட்டான். தண்ணி லாரிக்கு முதல் இடம். தான் தனியாகப் போய் நசுங்கிச் செத்ததையெல்லாம் மறைக்காமல் காட்டினான். சந்தோஷ் இல்லையென்றால் நான் ஒன்றுமே இல்லை, நான் பேசியது தப்பு என்று நேராகச் சொன்னான். வீடியோவை யாரும் சீந்தவில்லை, வீரன் பழைய கூட்டத்துக்கே திரும்பிவிட்டான். அதைப் பற்றி அவனுக்குக் கவலையில்லை. பார்க்க வேண்டியது ஒரே ஆள். அனுப்பி வைத்தான். சாயங்காலம் பதில் வந்தது, ஒரு கட்டைவிரல் மட்டும்.

கட்டைவிரலோடு எவ்வளவு நேரம் பேச முடியும். அடுத்த ஞாயிறு சாப்பிட்டதும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

“எங்கே?” என்றாள் கவிப்பிரியா.

“சந்தோஷ் ஊட்டுக்கு.”

“எது அவர் ஊடு?”

கோபி வாசலிலேயே நின்றான். அவனுக்குத் தெரியவில்லை.

“இத்தினி வருஷமா ஃப்ரெண்டுன்றீங்க,” என்றாள் அவள். குத்திக்காட்டுகிற குரல் இல்லை, நிஜமாகவே ஆச்சரியம். “நானும் பார்த்திருக்கேன், அவர் நம்ம ஊட்டுக்குள்ள ஒரு நாளும் வந்ததில்ல. வெளிய படியேறிப் போவாரு, அப்படியே எறங்கிப் போயிடுவாரு. நான் வேற, உங்களுக்குள்ள ஏதோ பழக்கம் போலன்னு நெனச்சிக்கினேன்.”

பழக்கம்தான். வீட்டுக்குள் வராதே என்று யாரும் சந்தோஷிடம் சொன்னதில்லை. உள்ளே வாடா என்றும் சொன்னதில்லை. ஆட்டத்தில் எந்தக் கோட்டைக் கதவைத் தள்ளினால் தண்ணி லாரியின் மைதானம் வரும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறவனுக்கு, ஏரிக்கரையைத் தாண்டினால் நண்பன் வீடு எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. நடந்து போனால் ஒரு பீடி பற்றவைத்து அணையும் தூரம்.

காலனி முனையில் பெட்டிக்கடையில் விசாரித்தான். “எந்த சந்தோஷ், பெயின்ட் அடிக்கிறவனா, கம்பெனிக்குப் போறவனா?” என்று கடைக்காரர் கேட்டுவிட்டு இவனை ஏற இறங்கப் பார்த்தார். “நீ திருவேங்கடத்தார் பேரன் இல்ல? அந்தா, நீலக் கலர் ஊடு.”

நீலக் கலர் வீட்டு வாசலில் சந்தோஷின் அம்மா வேம்புலியம்மாள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். ஒரு காலத்தில் திருவேங்கடத்தின் கழனியில் நாற்று நட்டவர், இப்போது திருமுல்லைவாயிலில் ஒரு அபார்ட்மென்டில் கூட்டித் துடைக்கிற வேலை. கோபியைப் பார்த்ததும் முறத்தை வைத்துவிட்டு எழுந்துகொண்டார். அவர் எழுந்தது கோபிக்கு என்னவோ போலிருந்தது. அவரை எப்படிக் கூப்பிடுவது என்றுகூட அவனுக்குத் தெரியவில்லை, அதுவரை கூப்பிட்டதே இல்லை.

“வாங்க தம்பி, உள்ள வாங்க. உங்க அம்மா நல்லா கீறாங்களா?” என்றவர், இருந்த ஒரே நாற்காலியை முந்தானையால் துடைத்தார்.

“நீங்க உக்காருங்கம்மா. நான் நிக்கிறேன்.”

“நீங்க உக்காருங்க. உங்க மாடிக்கு ஞாயித்துக்கெழமையானா ஒரே ஓட்டமா ஓடுவான். ஊட்டுக்குத் திரும்பி வந்தா ஆள்காட்டி வெரலு வீங்கிக் கெடக்கும். தைலம் தேய்ச்சிகினு உக்காந்திருப்பான். அப்பிடி இன்னாடா ஆட்டம்னு கேட்டா, அமுக்கிப் புடிச்சிகினே இருக்கணும்மான்னுவான். இப்பதான் கொஞ்ச நாளா வெரலு நல்லா கீது.”

கேடயத்தைத் தூக்கிப் பிடிக்க, கன்ட்ரோலரில் ஆள்காட்டி விரலுக்கு அடியில் இருக்கும் பொத்தானை விடாமல் அமுக்க வேண்டும். ஆட்டம் முடிந்ததும் சந்தோஷ் விரல்களை நெட்டி முறிப்பதைக் கோபி எத்தனையோ தடவை பார்த்திருக்கிறான். ஏதோ பழக்கதோஷம் என்று விட்டிருந்தான்.

உள்ளறையிலிருந்து பழக்கமான சத்தம் வந்தது. தண்ணி லாரி உறுமுகிற சத்தம்.

கோபி எட்டிப் பார்த்தான். சின்ன டிவி ஒன்று, அதனடியில் யாரோ ஆடித் தேய்த்த பழைய பிளேஸ்டேஷன். சந்தோஷ் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தான். இவனைப் பார்த்ததும் ஆட்டத்தை நிறுத்தவில்லை, நகர்ந்து இடம் விட்டான். கோபி பக்கத்தில் உட்கார்ந்தான்.

திரையில் சந்தோஷின் சிப்பாய் கையில் கேடயம் இல்லை. இரண்டு கையிலும் வளைந்த குட்டைக் கத்திகள். தண்ணி லாரி நேராக வந்தது. சிப்பாய் கடைசி நொடியில் லேசாக ஒதுங்கினான், அது போய்ச் சுவரில் முட்டியது. முட்டியதும் இரண்டு வெட்டு, உடனே விலகல். மறுபடி வந்தது, மறுபடி முட்டியது. அவசரமே இல்லாமல், பூப் பறிக்கிற மாதிரி வெட்டிக்கொண்டிருந்தான். கோபி வாயைத் திறந்து மூடுவதற்குள் தண்ணி லாரி மண்டியிட்டு விழுந்தது.

“ஷீல்டு எங்கடா?”

“கேம்லயே கடையில வித்துட்டேன்.”

“உனுக்கு ஷீல்டுதான புடிக்கும்?”

“யாரு சொன்னது?”

யாரும் சொல்லவில்லை. கோபி அவன் பக்கம் திரும்பினான். “அப்புறம் இன்னாத்துக்குடா இத்தினி நாள் அத்தப் புடிச்சிகினு நின்னே?”

“ரெண்டு பேர்ல ஒருத்தன் நிக்கணும் இல்ல. நீ கோடாலிய வுடமாட்டே.”

சந்தோஷ் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. கோபி கேட்டான், “நான் இப்ப போட்ட வரிசையாவது சரியா?”

“அதுவும் இல்ல.”

“தண்ணி லாரி முதல்ல தான போட்டேன். நீ சொன்னது தான.”

“அப்ப சொன்னேன். தனியா ஆடினா அது சும்மா. நேரா வரும், ஒதுங்கிகினா போயிடும். எனக்கு அது இப்ப கடைசி.” சந்தோஷ் முதல் தடவையாகத் திரும்பி அவன் முகத்தைப் பார்த்தான். “ரெண்டு பேரா ஆடறப்ப நான் ஒதுங்கிகினா அது உன் மேல ஏறும். ஒதுங்காம நிக்கணும். அதான் கஷ்டம், லாரி இன்னா பண்ணும், பாவம்.”

வருஷக்கணக்கில் வரிசை போட்டவனுக்கு இதை எந்த இடத்தில் வைப்பது என்று தெரியவில்லை. வீட்டிலிருந்து வரும்போது மனசுக்குள் ஒத்திகை பார்த்த வார்த்தைகளெல்லாம் கலைந்துவிட்டன.

“தப்பு பண்ணிட்டேன்டா. உன் குரல வெச்சி அப்பிடிப் போட்டிருக்கக் கூடாது. கேன்டீன்ல அந்தப் பையன் சொன்னப்ப நான் சும்மா உக்காந்திருந்ததும் தப்பு.”

“சரி வுடு. அதான் எடுத்துட்டியே.”

“வர ஞாயித்துக்கெழமை வா. நான் ஷீல்டு புடிக்கிறேன். சத்தியமா. நீ கத்தி வெச்சிக்க. உள்ள வழியாவே வா, அந்தப் படி வேணாம்.”

சந்தோஷ் சிரித்தான். பழைய சிரிப்புதான், ஆனால் அதில் வருகிறேன் என்பது இல்லை. “இல்ல மாமே. இப்பிடி ஆடறதே நல்லா கீது.”

“அப்ப நான் இங்க வரேன். இங்கயே ஆடலாம். இன்னொரு கன்ட்ரோலர் எங்க வெச்சிருக்கே, எடு.”

“ஒண்ணுதான் வாங்கினேன்.”

அதையும் கோபமில்லாமல்தான் சொன்னான். கோபமாகச் சொல்லியிருந்தால் கோபி காலில் விழுந்தாவது சமாதானம் பண்ணியிருப்பான். கடையில் நின்று வாங்கும்போது கடைக்காரன் நிச்சயம் கேட்டிருப்பான், ஒன்று போதுமா, இரண்டாகத் தரவா என்று. சந்தோஷ் யோசித்துத்தான் ஒன்று போதும் என்று சொல்லியிருப்பான்.

வேம்புலியம்மாள் டீ கொண்டுவந்து வைத்தார். சந்தோஷ் அடுத்த கோட்டைக்குள் நுழைந்தான், அங்கே கரண்ட் ஆபீஸ் இறக்கையை விரித்துக்கொண்டு காத்திருந்தது. டீ ஆறுகிறவரை கோபி எழுந்திருக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தான். சந்தோஷ் எவ்வளவு நன்றாக ஆடுகிறவன் என்பது இத்தனை வருஷத்தில் அவனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.